தூணுக்குப் பின்னால் இருந்த நீல வாளி

காரைக்குடியிலிருந்து திருச்சி போகும் ரோட்டில் ஒரு சாப்பாட்டுக் கடை. வாசலில் பத்தடிக்கு ஆறடி பிளெக்ஸ். பெரிய எழுத்தில் செட்டிநாட்டுச் சமையல் என்று போட்டு, ஓரத்தில் நண்டும் காடையும். பின்னணியில் ஒரு பட்டாலை, அதாவது செட்டிநாட்டு வீட்டுக் கூடம்: வரிசையாகத் தேக்குத் தூண்கள், ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, வண்ணக் கண்ணாடி வழியாக அந்தத் தரையில் விழும் நாலு மணி வெயில். வண்டியை ஓரங்கட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்தேன். படத்தை இடவலமாகத் திருப்பியிருந்தார்கள், நிறத்தையும் ஏற்றியிருந்தார்கள். ஆனால் மூன்றாவது தூணுக்குப் பின்னால் ஒரு நீல பிளாஸ்டிக் வாளியின் பாதி எட்டிப் பார்த்தது. அந்த வாளியை எனக்குத் தெரியும். கானாடுகாத்தானில் ஒரு வீட்டில் இந்தப் படத்தை எடுத்தபோது, வெயில் நகர்ந்துவிடுமே என்ற அவசரத்தில் நான் ஒதுக்கிவைக்க மறந்த வாளி அது. ஒரு வருஷமாக அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் கண்ணை உறுத்தியது. அன்றைக்குத்தான் அது அங்கே இருந்ததற்குச் சந்தோஷப்பட்டேன்.

உள்ளே போய்க் கேட்டேன். முதலாளி முகத்தில் குற்ற உணர்ச்சி எதுவும் இல்லை. "கூகுள்ல கெடந்துச்சுண்ணே. போர்டு அடிக்கிற பையன் எடுத்துப் போட்டான்" என்றார். இந்த ஒரு வாக்கியத்தில் இந்தத் தொழிலின் மொத்தத் தலைவலியும் அடங்கியிருக்கிறது. அவர் பொய் சொல்லவில்லை. படம் கூகுளில் கிடந்தது உண்மைதான். வாசலில் கிடந்த செருப்பைப் போல.

செட்டிநாட்டுப் படங்கள் இப்படி அதிகமாகக் களவு போவதற்குக் காரணம் உண்டு. ஊரே ஒரு வியாபாரப் பெயராகிவிட்டது. உலகத்தில் எந்த மூலையில் பெப்பர் சிக்கன் போட்டாலும் செட்டிநாடு என்று எழுதுகிறார்கள்; எழுதினால் பின்னால் ஒரு வீடு வேண்டும். டைல்ஸ் விற்பவருக்கு ஆத்தங்குடித் தரை வேண்டும். ஜவுளிக்கடைக்கு, 2019இல் புவிசார் குறியீடு கிடைத்த கண்டாங்கிச் சேலையோடு ஒரு முகப்பு வேண்டும். சுற்றுலாப் பக்கம் நடத்துபவருக்கு ஆயிரம் ஜன்னல் வீடு வேண்டும். வேண்டியது எல்லோருக்கும் ஒரே ஐந்தாறு காட்சிகள்தான், அவற்றை எடுக்காத போட்டோகிராபரும் இல்லை. அதனால் இங்கே திருட்டைக் கண்டுபிடிப்பதைவிட, திருடு போனது நம்முடையதுதான் என்று நிரூபிப்பதுதான் கஷ்டம். நான் நின்ற அதே இடத்தில், அதே நாலு மணிக்கு இன்னொருவர் நின்று அவர் கேமராவில் எடுத்தால் அது அவர் படம். கோணத்துக்கும் வெயிலுக்கும் யாரும் பட்டா வாங்க முடியாது. என் ஃபைலையே எடுத்துப் போட்டால்தான் வழக்கு. இதற்குத்தான் வாளி உதவுகிறது.

சரி, முதலில் படம் யாருடையது? போட்டோகிராபர்கள் கூடிப் பேசும்போது எல்லோரும் நேராக யார் திருடினான் என்பதற்குத் தாவிவிடுகிறார்கள். நான் பார்த்த சண்டைகளில் பாதி, இந்த முதல் கேள்விக்கே பதில் தெரியாமல் ஆரம்பித்தவை.

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, ஷட்டரை அழுத்திய நொடியிலேயே உரிமை பிறந்துவிடுகிறது. எங்கும் பதிய வேண்டியதில்லை, வட்டத்துக்குள் சி என்று போட வேண்டியதும் இல்லை. 2012 வரை புகைப்படத்துக்கு மட்டும் வெளியான நாளிலிருந்து 60 வருஷம் என்று தனிக் கணக்கு இருந்தது. அந்த வருஷத் திருத்தம் அதை எடுத்துவிட்டது. இப்போது எழுத்தாளருக்கும் ஓவியருக்கும் உள்ளதுபோல, எடுத்தவரின் ஆயுள் முழுக்க, அப்புறம் 60 வருஷம். எனவே இணையத்தில் கிடந்தது, பெயர் எழுதவில்லை, உரிமை உங்களுக்கு என்று எங்கே போட்டிருக்கிறது என்பதெல்லாம் சட்டத்தில் நிற்காது.

ஆனால் அதே சட்டத்தின் 17ஆம் பிரிவில் ஒரு துணை விதி இருக்கிறது. கல்யாண போட்டோ எடுக்கும் நண்பர்களிடம் இதைச் சொன்னால் டீ ஆறிப்போகும். ஒருவர் கேட்டுக்கொண்டதன்பேரில், காசு வாங்கிக்கொண்டு எடுத்த படத்துக்கு, வேறு ஒப்பந்தம் எதுவும் இல்லாவிட்டால், காசு கொடுத்தவர்தான் முதல் உரிமையாளர். எடுத்தவர் எடுத்தவர்தான், படைப்பாளர் என்ற பெயர் அவருக்கே. ஆனால் உரிமை மாப்பிள்ளை வீட்டுக்கோ பெண் வீட்டுக்கோ போய்விடும். நண்பர் ஒருவர் எடுத்த மணப்பெண் படத்தை, ஒரு ஜவுளிக்கடை ஆடிக் கழிவு விளம்பரத்தில் போட்டது. அவர் கொதித்துப்போய் வக்கீலிடம் ஓடினார். வக்கீல் கேட்ட முதல் கேள்வி, "புக்கிங் எடுக்கையில என்ன எழுதி வாங்கினீங்க?" ஒன்றும் இல்லை. அட்வான்ஸ் தொகையும் தேதியும் எழுதிய ஒரு துண்டுச் சீட்டு, அவ்வளவுதான். வழக்குப் போடும் உரிமை அந்தப் பெண் வீட்டாருக்குத்தான் இருந்தது. அந்தப் பெண்ணுக்குக் கூடுதலாக இன்னொரு பிடிமானமும் உண்டு. ஆட்டோ சங்கர் வழக்கு என்று நாம் சொல்லும் 1994 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், ஒருவரின் பெயரையோ உருவத்தையோ சம்மதம் இல்லாமல் விளம்பரத்துக்குப் பயன்படுத்துவது அந்தரங்க உரிமையை மீறுவதாகும் என்று சொல்லியிருக்கிறது. நண்பருக்கு மிஞ்சியது 57ஆம் பிரிவு: உரிமை கைமாறினாலும், இது நான் எடுத்தது என்று சொல்லிக்கொள்ளும் உரிமையும், தன் மதிப்பு கெடும்படி படத்தைச் சிதைத்தால் தட்டிக்கேட்கும் உரிமையும் எடுத்தவரிடமே இருக்கும். பெயருக்காகச் சண்டை போடலாம், படத்தைப் பயன்படுத்தியதற்கான காசுக்காக முடியாது.

இதற்கு மருந்து ஒரே ஒரு வரி. படங்களின் பதிப்புரிமை ஸ்டுடியோவுக்கே, குடும்பத்தார் தங்கள் சொந்த உபயோகத்துக்கு எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்று புக்கிங் பாரத்தில் அச்சடித்துக் கையெழுத்து வாங்கினால் போதும். ஆனால் நம் ஊரில் சாந்திக் கல்யாணத்துக்கு (அறுபதாம் கல்யாணம்) படம் எடுக்கக் கூப்பிட்டவரிடம் போய் ஒப்பந்தம் நீட்டினால், நம்பிக்கை இல்லையா தம்பி என்று முகம் சுளிப்பார்கள். அதனாலேயே பலர் நீட்டுவதில்லை.

அடுத்தது வீட்டுக்காரர். என் வீட்டை எடுத்த படம் எனக்குத்தானே சொந்தம் என்று நினைப்பவர்கள் இங்கே அதிகம். நியாயமாகவும் தோன்றும்; பர்மாவிலிருந்து தேக்கு கொண்டுவந்து, சுவரில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்த சுண்ணாம்பைப் பூசி மெருகேற்றிக் கட்டிய வீடு. ஆனால் கட்டடத்தைப் படம் எடுப்பதும் வெளியிடுவதும் பதிப்புரிமை மீறல் ஆகாது என்று 52ஆம் பிரிவு சொல்கிறது. தெருவில் நின்று முகப்பை எடுத்தால் யாரும் கேட்க முடியாது. வாசற்படி தாண்டிவிட்டால் கதை வேறு. உள்ளே விடுவதும் விடாததும் அவர்கள் இஷ்டம். விடும்போது போடும் நிபந்தனை நம்மைக் கட்டும். சினிமாவுக்கு வாடகைக்கு விடும் வீடுகளில் இதை ரொம்பத் தெளிவாகப் பேசிக்கொள்கிறார்கள். நம்மைப் போன்றவர்களிடம் அப்படி இல்லை. பங்காளிகள் பத்துப் பேருக்குப் பொதுவான வீட்டில் ஒருவர் சரி என்பார், சிங்கப்பூரில் இருக்கும் இன்னொருவர் யாரைக் கேட்டு விட்டீர்கள் என்பார்.

திருட்டைக் கண்டுபிடிப்பதற்கு வருவோம். கூகுள் லென்ஸ், 2008இலிருந்து இருக்கும் டின்ஐ, ரஷ்யாவின் யாண்டெக்ஸ் மூன்றிலும் நம் படத்தைப் போட்டுத் தேடலாம். ஒன்றில் அகப்படாதது இன்னொன்றில் அகப்படும். இடவலமாகத் திருப்பிய படத்தைத் தேடும்போது, நாமும் திருப்பி ஒருமுறை தேடுவது நல்லது. எல்லாப் படங்களையும் தேடிக்கொண்டிருந்தால் படம் எடுக்க நேரம் இருக்காது. அதிகம் ஓடுகிற இருபது முப்பது படங்களை மட்டும் மாதம் ஒருமுறை பார்த்தால் போதும். ஆனால் இந்தத் தேடலெல்லாம் இணையத்தோடு நின்றுவிடும். பிளெக்ஸ், காலண்டர், மெனு கார்டு, மஞ்சள்பை, வாட்ஸப் குரூப் எதுவும் அதன் கண்ணில் படாது. அங்கெல்லாம் நமக்குக் கண், நம் ஆட்கள்தான். சிராவயல் மஞ்சுவிரட்டில் நான் எடுத்த காளைப் படம் ஒன்று, எங்கோ ஒரு மாட்டுத் தீவன மூட்டையில் இருப்பதை மச்சான் ஒருவர்தான் போட்டோ எடுத்து அனுப்பினார். தீவனம் வாங்கப் போன இடத்தில் பார்த்தாராம்.

வாட்டர்மார்க் போட்டால் தீர்ந்துவிடாதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஓரத்தில் சின்னதாகப் போட்டால் வெட்டிவிடுகிறார்கள். நடுவில் பெரிதாகப் போட்டால் படம் கெடுகிறது, பார்க்கிறவருக்கும் எரிச்சல். ஒரே மாதிரி வாட்டர்மார்க்கை எல்லாப் படத்திலும் போட்டால் கணினியே அதை அடையாளம் கண்டு தானாக அழித்துவிடும் என்று கூகுள் ஆராய்ச்சியாளர்கள் 2017இலேயே செய்து காட்டிவிட்டார்கள். இப்போது போனிலேயே விரலால் தேய்த்தால் போய்விடுகிறது. ஆனாலும் நான் போடுகிறேன். தடுப்பதற்காக இல்லை. தெரியாமல் எடுத்தேன் என்று பிறகு யாரும் சொல்ல முடியாது என்பதற்காக. இது வெறும் வாய்ச்சண்டைக்கான விஷயம் இல்லை. உரிமை இருப்பது தெரியாது, சந்தேகப்படக் காரணமும் இல்லை என்று எதிராளி நிரூபித்துவிட்டால், 55ஆம் பிரிவின்படி நஷ்டஈடு கிடையாது. தடை உத்தரவும், அவர் அடைந்த லாபம் முழுதுமோ அதில் ஒரு பங்கோதான் கிடைக்கும். பெயர் போட்டிருந்த படத்தில் அந்தப் பேச்சு எடுபடாது. அப்புறம், கோப்புக்குள்ளேயே பெயர், போன் நம்பர், உரிமைக் குறிப்பு எல்லாம் எழுதிவைக்கலாம். இந்த உள்குறிப்பை வேண்டுமென்றே அழிப்பதை 2012 திருத்தம் தனிக் குற்றமாகவே ஆக்கியிருக்கிறது, இரண்டு வருஷம் வரை சிறை. வேடிக்கை என்னவென்றால், வாட்ஸப்பில் படமாக அனுப்பினாலே அந்தக் குறிப்புகள் உதிர்ந்துவிடும். டாக்குமென்டாக அனுப்பினால்தான் தங்கும்.

இதையெல்லாம்விட உபயோகமானவை இரண்டு. ஒன்று, இணையத்தில் பெரிய அளவுப் படத்தைப் போடாமல் இருப்பது. நீளப் பக்கம் ஆயிரத்துச் சொச்சம் பிக்சலுக்கு மேல் போகாவிட்டால், பத்தடி பிளெக்ஸில் அது பொரிபொரியாகத் தெரியும். (என் பட்டாலைப் படம் அப்படித்தான் தெரிந்தது. முதலாளிக்கு அது தெரியவில்லை, சாப்பிட வந்தவர்களுக்கும் தெரியவில்லை. ஆக இதுவும் பாதி வைத்தியம்தான்.) இரண்டாவது, எந்தக் காலத்திலும் ரா ஃபைலை, அதாவது கேமரா பதிந்த மூலப் பதிவை, அழிக்காமல் இருப்பது. வெளியிடும்போது நாலு பக்கமும் கொஞ்சம் வெட்டிவிட்டு வெளியிட வேண்டும். திருடியவரிடம் பாதி வாளிதான் இருக்கும். நம்மிடம் முழு வாளியும், அதற்குப் பக்கத்தில் சாய்ந்திருக்கும் துடைப்பமும், முன்னும் பின்னும் எடுத்த ஏழெட்டுப் படங்களும் இருக்கும். இதற்கு எதிராக வாதாட எந்த வக்கீலாலும் முடியாது.

திருட்டு கண்ணில் பட்டதும் கோபத்தில் போன் போடுவதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. போனை வைத்த ஐந்தாவது நிமிஷம் அந்தப் பக்கத்தில் படம் இருக்காது. முதலில் ஸ்க்ரீன்ஷாட்: இணைய முகவரியும் தேதியும் தெரிகிற மாதிரி, முழுப் பக்கமும். பிளெக்ஸ் என்றால் கடைப் பெயரும் தெருவும் சேர்ந்து வருகிற மாதிரி ஒரு படம். நாளைக்குக் கோர்ட் வரை போனால், 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவின்படி மின்னணு ஆதாரத்தோடு சான்றிதழ் கொடுக்க வேண்டும். அதனால் எந்தக் கருவியில், எப்போது எடுத்தோம் என்று அன்றைக்கே குறித்துவைத்துக்கொள்ள வேண்டும்.

அப்புறம் பேசலாம். என் அனுபவத்தில், படத்தை எடு என்று கேட்பதைவிடப் பில் அனுப்புவது நல்லது. எடு என்றால் எடுத்துவிடுவார்கள், நமக்கு ஒன்றும் கிடைக்காது, அடுத்த வாரம் இன்னொருவர் படத்தைப் போடுவார்கள். பில் என்றால் ஒரு மனிதர் வேலை செய்து எடுத்தது இது என்ற எண்ணமாவது வரும். அந்தச் சாப்பாட்டுக் கடைக்காரரிடம் முழுப் படத்தைப் போனில் காட்டினேன். வாளியைப் பெரிதாக்கிக் காட்டினேன். பிளெக்ஸையும் போனையும் மாற்றி மாற்றிப் பார்த்தவர், "அட, ஆமா, வாளி!" என்று அவரே சிரித்துவிட்டார். ஆறாயிரம் கேட்டேன், நாலாயிரத்துக்கு முடிந்தது, இரண்டு தவணை. ஒரு வருஷத்துக்கு அந்த ஒரு போர்டுக்கு மட்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். உரிமம் எழுத்தில் இருந்தால்தான் செல்லும்.

எதிராளி ஆள் தெரியாத இணையப் பக்கம் என்றால் பில் வேலைக்கு ஆகாது. அங்கே நோட்டீஸ்தான். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், யூடியூப், கூகுள் எல்லாவற்றிலும் பதிப்புரிமைப் புகாருக்குத் தனிப் படிவம் இருக்கிறது. இவை பெரும்பாலும் அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒட்டி நடப்பவை, நாம் இங்கிருந்தே போடலாம். நம் நாட்டு விதிகளிலும் வழி உண்டு: எழுத்துமூலம் புகார் வந்தால், பிறர் போட்டதைத் தேக்கிவைத்திருக்கும் தளம் 36 மணி நேரத்துக்குள் அதை முடக்க வேண்டும். ஆனால் 21 நாளைக்குள் நாம் கோர்ட் உத்தரவு கொண்டுவராவிட்டால் அவர்கள் திரும்பத் திறந்துவிடலாம். இந்த இரண்டாம் பாதியை யாரும் சொல்வதில்லை. இன்னொன்று, உரிமை நம்முடையதுதானா என்று பார்க்காமல் மிரட்டல் விடக்கூடாது. ஆதாரமில்லாத மிரட்டலுக்கு எதிராக, மிரட்டப்பட்டவரே வழக்குப் போடலாம் என்று 60ஆம் பிரிவு இருக்கிறது. மேலே சொன்ன ஜவுளிக்கடை நண்பர் அதில் மாட்டாமல் தப்பியது வக்கீல் புண்ணியம்.

கோர்ட் என்றால், நல்ல செய்தி ஒன்று: எதிராளி டில்லியில் இருந்தாலும், நாம் குடியிருக்கும் அல்லது தொழில் செய்யும் இடத்து மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்குப் போடலாம் என்கிறது 62ஆம் பிரிவு. காரைக்குடிக்காரருக்கு அது சிவகங்கை. கெட்ட செய்தி, இந்தியாவில் ஒரு படத்துக்கு இவ்வளவு என்று சட்டம் நிர்ணயித்த நஷ்டஈடு கிடையாது. எவ்வளவு நஷ்டம் என்று நாம்தான் காட்ட வேண்டும். உன் படத்துக்கு வழக்கமாக எவ்வளவு வாங்குவாய் என்று நீதிபதி கேட்டால், காட்டுவதற்குப் பழைய பில் வேண்டும். நம்மில் எத்தனை பேரிடம் இருக்கிறது? அமெரிக்காவில் வேண்டுமென்றே செய்த மீறலுக்கு ஒரு படைப்புக்கு 1,50,000 டாலர் வரை போகலாம், ஆனால் அங்கே உரிய காலத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். ஹெய்ட்டியில் 2010 பூகம்பத்தின்போது டேனியல் மொரேல் என்ற போட்டோகிராபர் படங்களை ட்விட்டரில் பகிர்ந்தார். வேறொருவர் அதைத் தன்னுடையது என்று போட, ஏ.எஃப்.பி. செய்தி நிறுவனம் எடுத்துக்கொண்டது, படங்களை விற்கும் கெட்டி இமேஜஸ் நிறுவனம் விற்றது. 2013இல் நியூயார்க் ஜூரி அவருக்கு 12 லட்சம் டாலர் கொடுக்கச் சொன்னது. சமூக வலைத்தளத்தில் போட்டுவிட்டாலே ஊர்ச் சொத்து என்ற வாதம் அங்கே செல்லவில்லை.

நம் ஊரில் போலீஸ் வழியும் இருக்கிறது. தெரிந்தே உரிமையை மீறினால் பதிப்புரிமைச் சட்டத்தின் 63ஆம் பிரிவில் ஆறு மாதம் முதல் மூன்று வருஷம் வரை சிறை, ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் வரை அபராதம். இது வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய, ஜாமீனில் விட முடியாத குற்றம் என்று 2022இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆனால் ஒரு பிளெக்ஸுக்காக, போர்டு அடிக்கிற பையனை உள்ளே தள்ள எனக்கு மனசு வராது. ஸ்டேஷனிலும் ஒரு போட்டோவுக்கா என்றுதான் பார்ப்பார்கள். வேண்டுமானால் 500 ரூபாய் கட்டிப் படத்தைப் பதிவுசெய்து வைக்கலாம். கட்டாயம் இல்லை, ஆனால் பதிவேட்டில் இருந்தால் அது முதல்நிலை ஆதாரம். எல்லாவற்றையும் பதிந்தால் கட்டுப்படியாகாது. நான் மூன்றே மூன்று படங்களுக்குச் செய்திருக்கிறேன்.

வேண்டுமென்றே கொடுத்துவிடுகிறவர்களும் உண்டு. விக்கிப்பீடியாவில் நீங்கள் பார்க்கும் செட்டிநாட்டு வீட்டுப் படங்கள் அப்படி வந்தவைதான். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், ஆனால் பெயரைப் போட வேண்டும் என்ற மாதிரி உரிமத்தில். அந்த ஒரு பெயரைக்கூடப் போடாமல்தான் எடுக்கிறார்கள். மொத்தமாகப் பொதுவுக்கு விட்டால் இன்னும் கூத்து. கேரல் ஹைஸ்மித் என்ற அமெரிக்கப் போட்டோகிராபர் தன் படங்களை அந்நாட்டு நாடாளுமன்ற நூலகத்துக்குக் கொடுத்து, மக்கள் தாராளமாகப் பயன்படுத்தலாம் என்றார். அவருடைய படத்தை அவரே தன் இணையதளத்தில் போட்டதற்கு 120 டாலர் கட்டு என்று ஒரு நாள் அவருக்கே நோட்டீஸ் வந்தது. வழக்குப் போட்டும் பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை.

நாலாயிரம் வந்த கதை ஊரில் பரவிவிட்டது. போன தை மாதம் அதே கானாடுகாத்தான் வீட்டுக்குப் போயிருந்தேன். திண்ணையில் உட்கார்ந்திருந்த ஆச்சி காபி கொடுக்கச் சொல்லிவிட்டு, "ஏம்பா, எங்க வீட்டுப் படத்தைக் காட்டி ஓட்டல்காரன்கிட்ட காசு வாங்கினியாமே?" என்றார். ஆமாம் ஆச்சி என்றேன். "வாளி வச்சுத்தான் கண்டுபிடிச்சியாம்ல?" ஆமாம் என்றேன். "வீடும் எங்களுது, வாளியும் எங்களுது. எங்களுக்கு என்னப்பா குடுத்த?"

52ஆம் பிரிவு வாய் வரை வந்தது. அதைச் சொன்னால் அடுத்த முறை அந்த வாசற்படி ஏற முடியாது. ஆயிரம் ரூபாயை எடுத்து நீட்டினேன். காசை வாங்காமல் ஆச்சி, "முகப்புல மாட்ட அந்தப் படத்தைப் பெருசாப் போட்டுக் குடு" என்றார். "வாளி இல்லாம."

வாளியை அழித்துப் பிரேம் போட்டுக் கொடுத்தேன். ரா ஃபைல் என்னிடம் பத்திரமாக இருக்கிறது.